10 அடி 6 பழசு, 7 அடி 10 புதுசு: கோவளம் அலையில ரெண்டு சப் போர்டும் எப்படி ஓடுது

சென்னைப் பக்கம் கோவளத்துல ஞாயித்துக்கிழமை காலைல கார் மேலருந்து போர்டை இறக்கும்போது யாராவது ஒருத்தர் வந்து கேட்டுடறாங்க, "அண்ணா, பழைய பெரிய போர்டு ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல வருது எடுக்கலாமா, இல்ல காசு சேத்து இப்ப வர்ற குட்டை போர்டே வாங்கிடலாமா"ன்னு. ஒவ்வொருத்தருக்கும் நின்னு அரைமணி நேரம் பேசிட்டு அலையை விட்டுட்டு நிக்கிறேன், அதனால மொத்தமா இங்க எழுதிடறேன். ஸ்டாண்ட் அப் பேடில், அதாவது போர்டு மேல நின்னுக்கிட்டே துடுப்பு போட்டு ஓட்டறது, நம்ம பசங்க சுருக்கமா சப்புன்னு சொல்றது, அதுல அமைதியான தண்ணில ஏரில போறதப் பத்தி இல்ல, அலையில ஓட்டறதப் பத்தி மட்டும்தான் இது.

முதல்ல என்னப் பத்தி ரெண்டு வரி, ஏன்னா போர்டு ரிவ்யூல ஓட்டறவனோட எடை சொல்லலைன்னா அந்த ரிவ்யூவால ஒரு பிரயோஜனமும் இல்ல. நான் 84 கிலோ, 5 அடி 9 இன்ச், வயசு 43, வாரத்துல ஒரு நாள், லீவு கிடைச்சா ரெண்டு நாள், கோவளம் இல்லன்னா மகாபலிபுரம். இடது கால் முன்னாடி வெச்சு நிக்கறவன், அதனால நம்ம பாயின்ட்ல, அதாவது அலை உடைய ஆரம்பிக்கற இடத்துல, அலை வலது பக்கமா, அதாவது கரையைப் பாத்து நின்னா வடக்கு பக்கமா ஓடும்போது அலையைப் பாத்தபடியே போறேன். 9 வருஷமா நிக்கிறேன், போட்டிக்கெல்லாம் போனதில்ல.

பழைய போர்டு 2011 மாடல், 10 அடி 6 இன்ச் நீளம், 32 இன்ச் அகலம், 175 லிட்டர், எடை 12 கிலோவுக்கு கொஞ்சம் மேல. வேலை முடிஞ்சு ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெளிநாட்டுக்காரர்கிட்ட 38,000 ரூபாய்க்கு பேடிலோட சேத்து வாங்கினேன். புதுசு 2023 மாடல், 7 அடி 10 இன்ச், 31 இன்ச் அகலம், 118 லிட்டர், ஏழரை கிலோ, ஷிப்பிங் டியூட்டி எல்லாம் சேத்து ஒண்ணே முக்கால் லட்சத்தைத் தாண்டிடுச்சு. பிராண்டு பேரு சொல்லல, ஏன்னா ரெண்டுலயும் எனக்கு சில குறை இருக்கு, அது என் கைல இருக்கற அந்த ஒரு போர்டோட குறையா கூட இருக்கலாம். ஆனா எந்த மாதிரி போர்டுன்னு புரியணும்னா, பழசு நெய்ஷ் கம்பெனியோட 'நாலு'ங்கற மாடல் வகையறா, புதுசு ஸ்டார்போர்டு கம்பெனியோட ஹைப்பர் நட் மாடல் வந்ததுக்கப்புறம் எல்லா கம்பெனியும் போட ஆரம்பிச்ச அந்த மூக்கை வெட்டின மாதிரி இருக்கற வகையறா.

இந்த ரெண்டுக்கும் நடுவுல மூணாவதா ஒண்ணு வெச்சிருந்தேன், அதுதான் எனக்கு நல்ல பாடம், அதை அப்பறம் சொல்றேன்.

பழசு ஏன் அவ்ளோ நீளம்னு முதல்ல பாத்துடலாம். ஹவாய்ல வைகிகி பீச்ல சர்ஃபிங் சொல்லிக்குடுத்தவங்க அந்தக் காலத்துலயே பெரிய போர்டு மேல நின்னு துடுப்பு போட்டிருக்காங்க, நின்னா அலையும் தெரியும் ஆளும் தெரியும், டூரிஸ்டை போட்டோ எடுக்கவும் வசதி. அதை 2000க்கு முன்னயும் பின்னயும் மறுபடி உயிர் குடுத்து எழுப்பினது மவுயி தீவுல லேர்ட் ஹாமில்டன், டேவ் கலாமா இவங்கல்லாம், அவங்க எடுத்ததும் ரெண்டு பேர் சேந்து ஓட்டற 12 அடி டேண்டம் போர்டுதான். அங்கருந்து கம்பெனிங்க போர்டு செய்ய ஆரம்பிச்சப்போ எல்லாமே லாங்போர்டையே, அதாவது நீளமான சர்ஃப் போர்டையே, ஊதி பெருசாக்கின மாதிரிதான் வந்துச்சு, முன்னாடி உருண்டையான மூக்கு, நடுவுல அகலம், பின்னாடி டெயில் குறுகிப் போகும், ஓரம் அதாவது ரெயில் நல்லா கொழுகொழுன்னு, அடில பின்பக்கம் மீன் செதில் மாதிரி நிக்கற ஃபின் நடுவுல பெருசா ஒண்ணு, ரெண்டு பக்கமும் சின்னதா ரெண்டு. என் பழசும் அச்சு அசல் அதே.

அப்பறம் 2012, 2013 வாக்குல எல்லாரும் ஷார்ட்போர்டு மாதிரி ஓட்டணும்னு ஆசைப்பட்டாங்க, சர்வதேச சர்ஃபிங் சங்கம் ஐஎஸ்ஏவோட முதல் உலக சப் சாம்பியன்ஷிப் பெருவுல நடந்தது 2012லதான், அதுல சின்ன போர்டுல பசங்க அலை மேல கீழன்னு வெட்டி ஓட்டறதப் பாத்துட்டு என்ன மாதிரி ஆளுங்களுக்கும் ஆசை வந்துடுச்சு. அந்த சமயத்து போர்டுதான் நான் சொன்ன மூணாவது, 8 அடி 10 இன்ச் நீளம், 28 அரை இன்ச் அகலம், 108 லிட்டர், மூக்கு கூரா, டெயிலும் குறுகலா. 2018ல ஒரு நண்பர்கிட்ட வாங்கினேன், அன்னிக்கு எனக்கு 79 கிலோதான், கணக்குப்படி சரியாத்தான் இருந்துச்சு. மூணு மாசம் கஷ்டப்பட்டேன். நிக்கறதுக்கே காலு நடுங்கும், அலைக்காக காத்திருக்கற நேரத்துலயே தொடை ரெண்டும் செத்துப் போயிடும், அப்பறம் அலை வரும்போது துடுப்பு போட தெம்பு இருக்காது. எனக்கு சப் ஓட்டவே தகுதியில்லையோன்னு கூட நெனச்சுட்டு அதை வித்துட்டு பழசுக்கே திரும்பிப் போயிட்டேன்.

அஞ்சு வருஷம் கழிச்சு புதுசு வந்தப்போ என்ன நெனச்சேன்னா, அது 8 அடி 10ல நிக்க முடியல, இது அதைவிட ஒரு அடி கம்மி, கையை சுட்டுக்கப் போறோம்னு. முதல் நாள் கரைலருந்து முட்டி போட்டே வெளிய போய், அலை உடையாத இடத்துல எழுந்து நின்னேன். நின்னுச்சு. அசையாம நின்னுச்சு. அந்த நீளமான குறுகல் போர்டைவிட இந்த குட்டை போர்டு ரொம்ப நிதானமா இருக்கு, இதை நான் எதிர்பாக்கவே இல்ல.

காரணத்தை கொஞ்சம் கொஞ்சமாத்தான் புரிஞ்சுக்கிட்டேன். கூர் மூக்கு போர்டுல முன்னாடி ஒன்றரை அடி, பின்னாடி ஒரு அடி தண்ணியைத் தாங்கற வேலையே செய்யறதில்ல, அங்க அகலமே கிடையாது. புது போர்டுல அந்த மூக்கை வெட்டி எடுத்துட்டு, ரெண்டு ஓரத்தையும் கிட்டத்தட்ட நேர்கோடா இழுத்து, டெயிலை நல்லா அகலமா விட்டுட்டாங்க, டேனியல் தாம்சன், டோமோன்னு கூப்புடுவாங்க, போர்டு வடிவமைக்கற அந்த ஆஸ்திரேலியாக்காரர் ஷார்ட்போர்டுல பண்ணின வேலையோட சாயல் இதுல அப்படியே தெரியும். அதனால போர்டு குட்டையா இருந்தாலும் தண்ணில உக்காந்திருக்கற பரப்பு குறையல, நம்ம காலுக்கு நேர் கீழ அகலம் இருக்கு, பின்னாடி ஒரு அடி தள்ளி நின்னாலும் அகலம் இருக்கு. ஆக நீளத்தைப் பாத்து போர்டு நிக்குமா நிக்காதான்னு முடிவு பண்ணாதீங்க, அகலமும் டெயில் அகலமும் லிட்டரும் பாருங்க. உங்க எடை கிலோவால லிட்டரை வகுத்துப் பாருங்க, எனக்கு பழசுல 2க்கு மேல வருது, இந்த புதுசுல 1.4, நடுவுல வாங்கின அந்த வில்லங்கம் இன்னிக்கு என் எடைக்கு 1.3 கூட வராது. என்ன மாதிரி வாரம் ஒரு நாள் ஓட்டறவங்களுக்கு 1.4க்கு கீழ போக வேணாம்ங்கறது என் அனுபவம்.

ஆனா ஒண்ணு, பக்கவாட்டுல நிதானம்னு சொன்னேன், முன்னும் பின்னும் அப்படி இல்ல. குட்டை போர்டுல ஒரு அடி முன்னாடி சாஞ்சா மூக்கு முங்கும், பின்னாடி சாஞ்சா டெயில் முங்கும், நுரை மேல ஏறும்போது இது நல்லாத் தெரியும். பழசுல நுரை வந்தா ஒரு கால் பின்னாடி வெச்சு மூக்கைத் தூக்கினா போதும், மேல ஏறி தாண்டிடும். புதுசுல அதே மாதிரி கால் வெச்சா டெயில் முழுசா முங்கி போர்டு நட்டுக்குத்தலா நிக்கும், மல்லாக்க விழுந்துடுவோம். சின்ன அளவுல வெயிட்டை மாத்தி, அதே சமயம் துடுப்பை நுரைக்கு அந்தப் பக்கம் குத்தி இழுத்துக்கணும். இது பழக எனக்கு ரெண்டு மாசம் ஆச்சு.

இன்னொண்ணு நேராப் போறது. பழசுல ஒரே பக்கம் ஆறு ஏழு தடவை துடுப்பு போட்டாலும் நேராப் போகும். புதுசுல மூணாவது தடவையே மூக்கு எதிர்ப்பக்கம் திரும்பிடும். துடுப்பை உடம்புக்குப் பக்கத்துலயே செங்குத்தா வெச்சு, கால் பாதத்தைத் தாண்டி பின்னாடி இழுக்காம எடுத்துடணும், அப்பத்தான் நேராப் போகும். அலை வர்ற நேரத்துல பக்கம் மாத்திட்டே இருந்தா அலை போயிடும்.

சரி இப்ப மெயின் விஷயம். போன ஜூன்ல ஒரு காலைல, நிலத்துலருந்து கடல் பக்கமா காத்து மெதுவா வீசுது, அலை இடுப்பளவு, எப்பவாவது நெஞ்சளவு, தண்ணி கண்ணாடி மாதிரி. நானும் நண்பனும் ரெண்டு போர்டையும் எடுத்துட்டுப் போய் ஒரு மணி நேரம் ஒண்ணு, அடுத்த மணி நேரம் இன்னொண்ணுன்னு மாத்தி ஓட்டினோம், அவன் 72 கிலோ. நான் பழசுல 14 அலை எடுத்தேன், புதுசுல 9. அவன் பழசுல 13, புதுசுல 12. இங்கயே எடை என்ன பண்ணுதுன்னு தெரியுது பாருங்க.

பழசு அலை எடுக்கறதுல ராஜா. கோவளத்துல அலை வெளிய மெத்துனு ஒரு மேடா எழும்பி, உடையறதுக்கு நேரம் எடுத்துக்கும். நீள போர்டு அந்த மேட்டுலயே கிளம்பிடுது, நாலு இழுப்புல வேகம் வந்துடுது, தண்ணியைத் தொடற நீளம் ஜாஸ்தியா இருந்தா சும்மா மிதந்து போற வேகமும் ஜாஸ்தி, மத்தவங்க உக்காந்திருக்கற இடத்துலருந்து இருபது முப்பது மீட்டர் வெளியவே நான் எழுந்து ஓடிட்டு இருப்பேன். புதுசுல அப்படி முடியாது, அலை செங்குத்தா நிக்கற இடத்துக்கு உள்ள போய் காத்திருக்கணும், நின்ன இடம் மூணு மீட்டர் தப்புன்னா அலை அடில தாண்டிப் போயிடும், மெத்துனு இருக்கற நாள்ல தொட்டுட்டு தொட்டுட்டு விட்டுட்டுப் போகும்.

ஆனா அலை கொஞ்சம் நிமிந்து நிக்கற நாள்ல கதை மாறிடுது. நெஞ்சளவுக்கு மேல செங்குத்தா விழற அலைல பழசு லேட்டா எடுத்தா மூக்கு குத்தும், பத்தரை அடிக் கட்டை அந்த வளைவுக்குள்ள அடங்காது, மூக்கு தண்ணில குத்தினவுடனே பின்னாடிருந்து தூக்கி வீசும். புதுசு அந்த வளைவுக்குள்ள அழகா உக்காருது. எழும்பின அலையோட உச்சில ரெண்டே இழுப்பு, மூக்கை லேசா வலது பக்கம் திருப்பினபடியே இறங்கிடலாம், கீழ வந்து சேர்றதுக்குள்ள வேகம் இருக்கு, அகல டெயில் தண்ணி மேல தட்டையா சறுக்குது.

திருப்பறதுலதான் 12 வருஷ வித்தியாசம் காலுக்குத் தெரியுது. பழசுல பாட்டம் டர்ன், அதாவது அலையோட அடிக்கு இறங்கி மேல பாத்து திருப்பறது, போடணும்னா முதல்ல நடக்கணும். துடுப்பு போட்ட இடத்துலருந்து ரெண்டு எட்டு, சில சமயம் மூணு எட்டு பின்னாடி போய், பின்னங்காலை ஃபின்னுக்கு மேல வெச்சு, அப்பறம் சாயணும். சாஞ்சாலும் ரெயில் இறங்காது. தண்ணி கேன் தெரியும்ல, இருபது லிட்டர் காலி கேனை மூடியோட தொட்டிக்குள்ள அமுக்கிப் பாருங்க, கையைத் தள்ளிட்டு மேல வரும். கொழுத்த ரெயில் அப்படித்தான் பண்ணுது, நீங்க சாய்ஞ்சவுடனே உங்களை நிமித்தி விட்டுடும். அதனால பழசுல திருப்பம்னா பெரிய அரைவட்டம், பொறுமையா, பஸ் திருப்பற மாதிரி வளைச்சு எடுத்துட்டு வரணும். அதுவும் ஒரு சுகம்தான், மறுக்கல.

புதுசுல நடுவுல தடிமன் இருந்தாலும் ஓரத்துக்கு வரவர மெலிசா சீவி விட்டிருக்காங்க, அடிப்பக்கமும் ஓரத்துல ஒரு சரிவு. சாய்ஞ்சா தாம்பாளத் தட்டை தண்ணில சாச்சு விட்ட மாதிரி உள்ள போகுது. முதல் தடவை அது நடந்தப்போ எனக்கு கால் விரலுக்கு அடில ஒரு அதிர்வு வந்துச்சு, ரெயில் முழுசா தண்ணிக்குள்ள இறங்கி பிடிச்சுக்கிச்சு, துடுப்போட பிளேடு அலையோட சுவர் மேல தடவிட்டு இருக்கு, உடம்பு மொத்தமும் அந்தத் துடுப்பு மேல சாஞ்சிருக்கு, விழணும், விழல, போர்டு சுத்தி மேல வந்துடுச்சு. ஒரு செகண்டு இருக்கும். 9 வருஷத்துல அந்த மாதிரி ஒண்ணு எனக்கு நடந்ததில்ல, கரைக்கு வந்து கொஞ்ச நேரம் மண்ணுல உக்காந்துட்டேன். ஒண்ணே முக்கால் லட்சம் எதுக்குன்னு வீட்ல கேட்டாங்க, இதைத்தான் சொன்னேன்.

கட்பேக், அதாவது ஓடிட்டு இருக்கற அலைல வேகம் முன்னாடி போயிட்டா திரும்பி நுரைக்கே வர்றது, அது நம்ம ஊர் அலைக்கு ரொம்ப முக்கியம், ஏன்னா கோவளத்துல நடுவுல அலை கொழகொழன்னு ஆகி மறுபடி உள்ள எழும்பும். அந்த நடுப்பகுதியைத் தாண்டணும். இதுல ரெண்டும் ரெண்டு விதத்துல ஜெயிக்குது. பழசு நீளத்தால சும்மாவே மிதந்து தாண்டிடும், ஒரு துடுப்பு கூட போட வேணாம். புதுசு திரும்பி நுரையோட ஒட்டி, ரெண்டு இழுப்பு போட்டு தாண்டணும், தாண்டிட்டா உள்பக்கம் கரையோரத்துல வேகமா உடையற அந்த கடைசிப் பகுதில ரெண்டு திருப்பம் கூடுதலா கிடைக்கும், பழசுல அங்க போய் நேரா கரைல மோதத்தான் முடியும்.

பத்து மணிக்கு மேல கடல்காத்து ஏறினதுக்கப்புறம் தண்ணி கலகலன்னு ஆயிடும், வெள்ளம், அதாவது நீரோட்டம், வேற வடக்க இழுத்துட்டே இருக்கும், அப்ப நான் புதுசை எடுக்கறதே இல்ல. தட்டையான மூக்கு சின்னச் சின்ன அலையை படபடன்னு அறையுது, ஒவ்வொரு அறைக்கும் வேகம் போகுது. பழசு உருண்டை மூக்கு அதுக்கு மேல ஏறிப் போயிடும். ஐப்பசி கார்த்திகைல வடகிழக்குக் காத்தோட வர்ற குழப்பமான கடலும் அதே கதை, அந்த மாசங்கள்ல புதுசு உறைக்குள்ளயே இருக்கும்.

இப்ப ஃபின் விஷயம், இதை மட்டும் தனியா கவனிங்க, ஏன்னா பழைய போர்டு வெச்சிருக்கறவங்களுக்கு இது கம்மி செலவு. என் பழசோட வந்தது 9 இன்ச் நடு ஃபின், பாய்மரம் மாதிரி நிக்கும். அதை எடுத்துட்டு ஆறரை இன்ச் நடு ஃபின் போட்டு, அதை பெட்டில ஒரு இன்ச் முன்னாடி தள்ளி, பக்க ஃபின் ரெண்டையும் நாலரை இன்ச்சா மாத்தினேன். மொத்தமே பத்தாயிரத்துக்குள்ள. திருப்பம் கணிசமா சுருங்கிடுச்சு, ரெண்டு எட்டு பின்னாடி போறது ஒரு எட்டா குறைஞ்சுது. நேராப் போறது கொஞ்சம் குறையும், ஆனா பத்தரை அடி போர்டுக்கு அது ஒரு பொருட்டே இல்ல. புதுசு வாங்கினா என்ன கிடைக்கும்னு நான் கனவு கண்டுட்டு இருந்தேனோ அதுல ஒரு பங்கு இந்த மூணு ஃபின்லயே கிடைச்சுடுச்சு, இதை முன்னாடியே யாராவது சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும். புதுசுல அஞ்சு ஃபின் பெட்டி இருக்கு, மூணாவும் போடலாம் நாலாவும் போடலாம். டெயில் அகலமா இருக்கறதால வேகமான அலைல மூணு போட்டா பின்பக்கம் வழுக்கற மாதிரி இருக்கு, நாலு போட்டா ரெயில் கிட்டயே பிடிப்பு வருது. சின்ன அலைக்கு மூணு, பெரிய அலைக்கு நாலுன்னு வெச்சிருக்கேன்.

துடுப்பும் மாத்தணும். பழைய நாள்ல தலைக்கு மேல எட்டு பத்து இன்ச் உயரத்துக்கு வாங்கச் சொல்வாங்க, என்கிட்ட அதுதான் இருந்துச்சு. அந்தத் துடுப்போட புது போர்டுல நின்னா திருப்பத்துல கை தோளுக்கு மேல போய் மாட்டிக்குது. இப்ப தலைக்கு மேல மூணு இன்ச்தான் வெச்சிருக்கேன், பிளேடும் சின்னது. குனிஞ்சு நிக்க வேண்டியிருக்கு, குனிஞ்சு நின்னாத்தான் சரியும் கூட.

கட்டுமானத்துக்கு வருவோம். ரெண்டுலயும் உள்ள இருக்கறது தெர்மாகோல் இனத்துலயே கெட்டியான ஈபிஎஸ் ஃபோம்தான், மேல கண்ணாடி நாரும் எபாக்ஸி ரெசினும். புதுசுல கார்பன் சேத்து எடையைக் குறைச்சிருக்காங்க. ஏழரை கிலோவை ஒரே கைல தூக்கிட்டு மண்ணுல நடக்கும்போது சந்தோஷமாத்தான் இருக்கு. ஆனா ரெயில் மெலிசு. மூணாவது வாரமே துடுப்போட கழுத்து ரெயில்ல பட்டு ரூபாய் காசு அளவுக்கு வெடிப்பு வந்துடுச்சு. பழசு 9 வருஷமா என்கிட்ட அடி வாங்கியிருக்கு, பாறைல உரசியிருக்கு, நாலே இடத்துலதான் ஒட்டு. புதுசு வாங்கினா முதல் நாளே ரெயில் டேப் ஒட்டிடுங்க, தண்ணில இறங்கறதுக்கு முன்னாடி.

வெடிப்பு வந்தா உடனே வெளிய வந்துடணும், ஃபோம் தண்ணியைக் குடிச்சுடும். சரி பண்றதுல ஒரு கொடுமையைச் சொல்லியே ஆகணும். எனக்குத் தெரிஞ்ச ஒரு பையன் அவசரத்துல ஒரு ஃபைபர் போட் சரி பண்ற இடத்துல போர்டைக் குடுத்துட்டான். அவங்க வேலைல கெட்டிக்காரங்க, ஆனா மீன்பிடி போட்டுக்கு பாலியெஸ்டர் ரெசின்தான் ஊத்துவாங்க. அந்த ரெசின்ல இருக்கற ஸ்டைரீன் ஈபிஎஸ்ஸைக் கரைச்சுடும். ஒரு விரல் அளவு ஓட்டைக்கு ஊத்தினது, சாயங்காலம் பாத்தா உள்ள ஒரு தேங்காய் அளவுக்கு குழி, மேல் ஓடு மட்டும் நிக்குது, ஃபோம் வெண்ணெய் உருகின மாதிரி சுருங்கிப் போயிருக்கு. அவன் கண்ணு கலங்கிடுச்சு, அந்த போர்டுக்காக ஒரு வருஷம் காசு சேத்திருந்தான். எபாக்ஸி மட்டும்தான், வேற எதையும் கிட்ட விடாதீங்க, யார்கிட்ட குடுத்தாலும் டப்பாவை வாங்கிப் பாத்துட்டு குடுங்க.

வெயில் இன்னொரு எதிரி. கார் மேல கட்டிட்டு ஈசிஆர்ல டிபன் சாப்பிட ஒரு மணி நேரம் நிறுத்தினா போதும், மே மாசத்துல உள்ள இருக்கற காத்து விரிஞ்சு மேல் ஓட்டை ஃபோம்லருந்து உரிச்சுடும். அதுக்குத்தான் போர்டு மேல வென்ட் பிளக்னு சின்ன திருகு இருக்கும். என் பழசுல அது கையால திருகறது, கரைக்கு வந்தவுடனே லூஸ் பண்ணணும், தண்ணிக்குள்ள போறதுக்கு முன்னாடி இறுக்கணும், ஒரு தடவை இறுக்க மறந்து ஒரு வாரம் நிழல்ல கவுத்து வெச்சு தண்ணி வடிய விட்டேன். புதுசுல அது தானாவே காத்தை மட்டும் விட்டு தண்ணியைத் தடுக்கற மாதிரி வெச்சிருக்காங்க, இந்த ஒரு விஷயத்துல புதுசுக்கு கண்ணை மூடிட்டு மார்க் போடலாம். ஆனாலும் வெள்ளைத் துணி போத்தாம ரெண்டையும் நான் வெயில்ல விடறதில்ல, கார்பன் கறுப்பு இன்னும் சீக்கிரம் சுடும்.

வீட்டு விஷயம் சின்னதுதான் ஆனா தினப்படி. எங்களுது மூணாவது மாடி. பழசை படிக்கட்டுல மூணு திருப்பம் திருப்பி ஏத்தணும், சுவத்துல இடிக்காம இருக்க ஒருத்தர் கீழருந்து பிடிக்கணும். புதுசு லிஃப்ட்ல சாய்ச்சு வெச்சா போயிடுது. காலைல நாலே முக்காலுக்கு யாரையும் எழுப்பாம கிளம்ப முடியுதுன்னா அதுக்குக் காரணம் இந்த போர்டு.

ஒரு நாள் எங்க பக்கத்துல வலை பிரிச்சிட்டு இருந்த பெரியவர் ஒருத்தர், எழுபது வயசு இருக்கும், ரெண்டு போர்டையும் சுத்திச் சுத்திப் பாத்தார். சின்ன வயசுல கட்டுமரத்துல தனியா போனவராம், இப்ப மகனோட ஃபைபர் போட். புதுசைக் காட்டி, "இது என்ன தம்பி, மரம் பத்தலையா"ன்னு கேட்டார். பழசுல ஏறிப் பாருங்கன்னு குடுத்தேன். ஒரு பேச்சில்ல, லுங்கியை மடிச்சுக் கட்டிட்டு, நுரையைத் தாண்டற வரைக்கும் முட்டி போட்டுட்டு, அப்பறம் எழுந்து முட்டியை லேசா மடக்கி, பாதம் ரெண்டையும் அகட்டி வெச்சு, எங்கயும் பாக்காம தூரமாப் பாத்துட்டு துடுப்பு போட்டுட்டுப் போயிட்டார். ஒரு தடவை கூட ஆடல. திரும்பி வந்து, "கட்டையோட சண்டை போடாத தம்பி, அது போற பக்கம் முட்டியைக் குடு"ன்னார். நான் புதுசுல நுரையிலயும் அலையிலயும் நிதானமா நிக்கக் கத்துக்கிட்டதே அந்த ஒரு வார்த்தைக்கு அப்பறம்தான்.

இன்னொரு விஷயம், இது போர்டோட டிசைனோட சம்பந்தப்பட்டதுதான், அதனால சொல்றேன். பத்தரை அடி போர்டுல வெளியருந்தே எல்லா அலையும் எடுக்க முடியும், அதுக்காக எல்லாத்தையும் எடுக்கறது தப்பு. உள்ள நம்ம கோவளம் குப்பத்துப் பசங்க சின்ன போர்டுல படுத்து கையால தள்ளிட்டு வெயிட் பண்றாங்க, அந்த அலை முதல்ல அவங்களோடது. நான் ரெண்டு எடுத்தா ரெண்டு விடறேன். அதோட 12 கிலோ கட்டை லீஷோட, அதாவது காலையும் போர்டையும் கட்டற கயித்தோட, நுரைல உருண்டு வந்தா அதுக்கு முன்னாடி இருக்கற பத்து வயசுப் பையன் தலை என்ன ஆகும்னு யோசிங்க. லீஷ் பத்து அடி, போர்டு பத்தரை, ரெண்டும் சேந்தா இருபது அடிக்கு யாரும் நிக்க முடியாது. கூட்டமான நாள்ல பழசை நான் இறக்கறதே இல்ல, பாயின்ட்லருந்து நல்லா தள்ளி வடக்க போய் ஓட்டுவேன். புதுசு அந்த வகைல பாதுகாப்பு, விழுந்தாலும் கைக்கு எட்டற தூரத்துலயே நிக்குது.

அப்ப யாரு எதை வாங்கலாம். இப்பத்தான் ஆரம்பிக்கிறீங்க, 75 கிலோவுக்கு மேல, மாசம் ரெண்டு தடவைதான் கடலுக்கு வர முடியும்னா யோசிக்கவே வேணாம், நல்ல நிலைமைல இருக்கற பழைய பத்தடி போர்டு கிடைச்சா எடுத்துடுங்க, எடுக்கறதுக்கு முன்னாடி மேல் ஓட்டை கட்டை விரலால இடம் இடமா அமுக்கிப் பாருங்க, எங்கயாவது அமுங்கி மேல வந்தா வேணாம், தூக்கிக் குலுக்கினா தண்ணி சத்தம் கேட்டாலும் வேணாம். ஒரு வருஷம் ஓட்டி, ஃபின் மாத்தி, அலை மேல திருப்பம் போட முடியலையேன்னு உங்களுக்கே ஏக்கம் வந்தப்பறம் புதுசுக்கு போங்க. 70 கிலோவுக்குள்ள, ஏற்கனவே படுத்து ஓட்டற சர்ஃபிங் தெரியும்னா நேரா புதுசுக்கே போகலாம். அந்த நடு காலத்து கூர்மூக்கு குறுகல் போர்டை மட்டும், எவ்ளோ சீப்பா வந்தாலும், 80 கிலோ ஆளுங்க தொடாதீங்க. காத்தடிச்சு ஊதற போர்டு பத்தி கேக்கறவங்களுக்கு, ஏரிக்கு சரி, அலைக்கு வேணாம், ரெயிலே கிடையாது அதுல.

இன்னொரு தடவை காசு கையில இருந்தா நான் என்ன வாங்குவேன்னு கேட்டா, ரெண்டுக்கும் நடுவுல, 9 அடி, 30 இன்ச், புது மாதிரி மெலிசு ரெயில், பழைய மாதிரி உருண்டை மூக்கு. இப்ப கம்பெனிங்களே லாங்போர்டு மாதிரி சப் போர்டை திரும்ப போட ஆரம்பிச்சுட்டாங்க, நம்ம மெத்துனு இருக்கற அலைக்கு அதுதான் பொருத்தமா இருக்கும்னு தோணுது. ஓட்டிப் பாத்துட்டு சொல்றேன்.

அதுவரைக்கும் ரெண்டும் என்கிட்ட இருக்கும், பழசை விக்கறதா இல்ல, என் பொண்ணு அதுல முட்டி போட்டு முன்னாடி உக்காந்துட்டு என்னோட அலை ஓட்டறா. ஞாயித்துக்கிழமை காலைல அஞ்சே முக்காலுக்கு அங்க இருப்பேன், ரெண்டையும் ஓட்டிப் பாக்கணும்னு நெனைக்கறவங்க தாராளமா வாங்க, லீஷ் நான் தர்றேன், நீச்சல் மட்டும் தெரிஞ்சிருக்கணும்.